கொதிவண்டி

சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
12-2-1961

அருள்மணியின் அப்பாவுக்கு ராணி எழுதிக்கொண்டது. மாதா கிருபையில் நானும் பிள்ளையும் சுகம். பிலாயில் நீங்களும், நீங்கள் ஓட்டுகிற லாரியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு படிக்காதீர்கள். இறங்கி ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து படியுங்கள். குமாரவேல் முதலாளியின் நீல வண்டியைப் பழுது பார்க்க நான் எடுத்திருக்கிறேன். ஆமாம், அதே வண்டிதான். கப்பல் மாதிரி நீளமாக, பின்னால் ஏர்கண்டிஷன் பெட்டி வைத்த அந்த அமெரிக்க வண்டி.

நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பழனியிலிருந்து முதலாளியின் மில் ஃபிட்டர் வந்து எஞ்சினுக்குப் புது ஹெட் போட்டார். கீழே இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். பெருமாள்மலை தாண்டுவதற்குள் திரும்பவும் கொதித்தது. டிரைவர் இருதயசாமி வண்டியின் உயிரையே வாங்கிவிட்டான் என்று உங்கள் மேல் பழி போட்டு, இங்கே முதலாளியின் பங்களா ஷெட்டில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். மூன்று வருஷமாக அதில் எலிதான் குடித்தனம் நடத்துகிறது. போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து அளவெடுத்துப் போனதாகக் காவல்காரர் வேலப்பன் சொன்னார். கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வண்டியை உடைத்துவிட்டால் உங்கள் பேருக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

ஐம்பத்தெட்டு மே மாதத்தை நான் மறப்பேனா? முதலாளி மகளின் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டி வந்த வண்டி மலைப்பாதையில் ஊத்துக்குக் கீழே வளைவில் கொதித்து நின்றது. பூண்டிக்குப் பூண்டு ஏற்றப் போன காலி லாரியில், அந்த நெடியோடு சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அத்தனை சனத்துக்கு நடுவில் முதலாளி உங்களைக் கை நீட்டிக் காட்டி, "தண்ணி ஊத்தாம தூங்கிட்டே வந்தவன் இவன்தான்" என்றார். நீங்கள் தலையைக் குனிந்து நின்றீர்கள்.  பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் ஏழு வருஷம் இருந்தவர், பூசைக்குக் கிளம்பும்போதுகூட ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர், தண்ணீர் ஊற்றாமல் மலை ஏறினார் என்றால் நம்புவதற்கு நான் என்ன பச்சைப் பிள்ளையா?

அன்றைக்கு வாடகைக் கார் ஸ்டாண்டில் உங்களுக்குக் "கொதிவண்டி" என்று பேர் வைத்தார்கள். நீங்கள் பிலாய்க்குப் போய்விட்டீர்கள், பேர் இங்கேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அருள்மணியைக் கொதிவண்டி மகள் என்று கூப்பிடுகிறார்கள். இதை இதுவரை நான் உங்களுக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை நேரே பழனிக்குப் போய் முதலாளி வீட்டு வாசலில் நின்றேன். மூன்று மாதம் வண்டியை என்னிடம் விடுங்கள், சீசனுக்குள் சரி செய்கிறேன், வத்தலக்குண்டிலிருந்து கொதிக்காமல் மேலே ஏறினால் அதே சந்தையில் நின்று என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏம்மா, இது என்ன ஒங்கப்பா ஒட்டுன தகர டப்பாவா?" என்றார். ரேடியேட்டரும் ஈயம் வைத்து ஒட்டின டப்பாதாங்க, அதில் காற்றுப் போக வழி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அப்பாவின் தகரக்கடையை நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? அப்படியென்றால் ஏர்கண்டிஷனும் ஓட வேண்டும், அன்றைக்கு ஓடியது போலவே ஓட வேண்டும் என்றார். சரி என்றேன். அதில் எனக்கு ஓர் அட்சரம் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். உள்ளே இருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். முதலாளியின் தாயார் சண்முகசுந்தரி அம்மாளுக்கு இப்போது எழுபத்து மூன்று வயதாகிறது. "ஏலே குமாரு, சும்மா கெடக்குற வண்டிதானலே. அவ பாக்கட்டும்" என்றார். சாவி வந்துவிட்டது.

நீங்கள் வேண்டாம் என்று எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள். வண்டியைப் பற்றித் தெரிந்ததையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சகாயராணி


சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல்
5-4-1961

அருள்மணியின் அப்பாவுக்குப் பாஸ்குத் திருநாள் வாழ்த்து. இங்கே பெரிய வெள்ளி முழுக்க மழை. அருள்மணிக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

உங்கள் பதில் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மூன்று வருஷத்தில் இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை. ஃபேன் பெல்ட்டை மாற்று, ரப்பர் குழாய்களை மாற்று, தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார் என்று எல்லாம் விவரமாக இருந்தது. கடைசியில் மட்டும், ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கும், அதைத் திறக்க வேண்டாம் என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தீர்கள். படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரேடியேட்டரைத்தான் முதலில் கழற்றினேன். பதினாலு வருஷமாக உங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

அதை எடுப்பதற்கே ஒரு நாள் ஆனது. அதற்கு முன்னால் ஏர்கண்டிஷனின் சூடு வெளியேறுகிற குழாய் வலை நிற்கிறது. வேலப்பனும் நானும் அதை அவிழ்த்து வைத்துவிட்டு, ரேடியேட்டரை நம் கடைக்குத் தூக்கி வந்தோம். வெளியே பார்த்தால் புதுப் பானை மாதிரி இருந்தது. அதனால்தான் மில் ஃபிட்டர் அதைத் தொடவே இல்லை. அப்பாவின் பழைய இரும்பைக் காய்ச்சி, மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கி எடுத்தேன். தொட்டி கழன்றதும் கடை முழுக்கச் சந்தன வாசம்.

முதலில் எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு விரலை விட்டுப் பார்த்தேன். குழாய் வாய் எல்லாம் மஞ்சள் மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. சந்தனமும் விபூதியும் சேர்ந்து வெந்து, காய்ந்து, கல்லாகியிருந்தது. பாதிக் குழாய்க்கு மேல் தண்ணீர் போக வழியே இல்லை. 

அது பழனிச் சந்தனம். இரவில் சுவாமிக்குச் சாத்தி விடியற்காலையில் எடுத்துத் தருகிற சந்தனம். அன்றைக்குக் கிளம்பும் முன் அடிவாரத்தில் பெரியம்மா முன்னின்று வண்டிக்குப் பூசை போட்டார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மலை ஏறுகிற வண்டி, சம்பந்தி வருகிற வண்டி, ஒன்றும் ஆகக்கூடாது என்று பெரியம்மா செம்பில் கரைத்து உள்ளே ஊற்றியிருக்கிறார். அவர் நினைத்தது நல்லதுதான். சுவாமி சந்தனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நெற்றியில் இருக்க வேண்டியதை ரேடியேட்டரில் ஊற்றினால் அது என்ன செய்யும்?

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். அந்தப் பானெட்டைத் திறப்பதற்கு உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது. கையை விட்டு இடப்பக்கம் தள்ளி, மறு கையால் தூக்க வேண்டும். எனக்கே அரை நாள் பிடித்தது. எழுபது வயதுப் பெரியம்மாவுக்கு அதைத் திறந்துகொடுத்தது யார்? மூடியைத் திருகி எடுத்தது யார்? நீங்கள்தான். "ஏலே இருதயம், மூடியத் தெற" என்று அவர் சொல்லியிருப்பார், நீங்கள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திறந்திருப்பீர்கள். வத்தலக்குண்டில் நிறுத்திக் கழுவிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். சம்பந்தி வீட்டார் வெரசா போகச் சொல்லியிருப்பார்கள்.

அது போகட்டும். கிறிஸ்தவ வேதக்காரன் ஒருவன் சுவாமி சந்தனத்தால்தான் வண்டி நின்றது என்று சந்தையில் சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தீர்களோ, பெரியம்மா மனம் நோகும் என்று பார்த்தீர்களோ, அதுவும் இருக்கட்டும். எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, நான் யார்? மூன்று வருஷமாகத் தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொருத்தியிடமும் என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சண்டை போட்டேன். காரணம் தெரியாமலே போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், இரண்டு நாள் வேலையைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கினேன். பழைய குடைக்கம்பியைத் தட்டித் தட்டையாக்கி ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்தேன். சலவைச் சோடா போட்டு வேக வைத்தேன். திரும்பவும் ஒட்டி, துணி துவைக்கிற தொட்டியில் அமுக்கிக் காற்று ஊதிப் பார்த்தேன். மூன்று இடத்தில் குமிழி வந்தது, அடைத்தேன். நான்காம் தரம் ஒரு குமிழிகூட வரவில்லை. எடுத்த சந்தனத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மூடி போட்ட ஒரு தகர டப்பா செய்து அதில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றும் செய்திருக்கிறேன். எஞ்சின் முன்னால் சுற்றுகிற விசிறி பாதிக் காற்றைப் பக்கவாட்டில் சிதறவிடுகிறது. பங்களா அடுப்புகளுக்கு நான் புகைக்கூண்டு அடிக்கிறேன் இல்லையா, அதே மாதிரி விசிறியைச் சுற்றி ரேடியேட்டர் வரைக்கும் ஒரு தகரக் கூடு அடித்து மாட்டினேன். இப்போது விசிறி சுற்றினால் முன்னால் பிடித்த காகிதம் வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஏர்கண்டிஷனுக்கு மதுரையிலிருந்து செல்லப்பாண்டி வந்தார். ஓட்டல்களிலும் மிஷன் ஆஸ்பத்திரியிலும் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். ஃபிரிட்ஜுக்கு அடைக்கிற வாயுதான் இதற்கும் என்றார். எலிக்கூட்டைத் தோண்டி எடுத்து, இற்றுப்போன குழாய்களை மாற்றி, செம்புக் குழாயை வெள்ளி கலந்த கம்பியால் ஒட்டினார். கசிவு பார்க்க மூட்டுக்கு மூட்டு சவுக்கார நுரை தடவியது நான். வாயு அடைத்தாயிற்று, எஞ்சின் ஓடுகிறது, உள்ளே குளிர்கிறது. வெளியேயும் குளிர்கிறது! இந்த ஊரில் அது வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேலப்பன் ஷெட்டில் நான்கு கணப்புச் சட்டியை மூட்டி, கதவைப் பாதி சாத்தினார். நாங்கள் வியர்த்து வழிகிற நேரத்தில் வண்டிக்குள் தலையை விட்டால் மார்கழி மாதம். செல்லப்பாண்டி கை தட்டினார். "யக்கா, நீங்க மதுரைக்கு வந்துருங்க, சோலி நெறையக் கெடக்கு" என்கிறார்.

சந்தனத்தைப் பற்றி முதலாளியிடம் சொல்லப் போவதில்லை. வண்டி ஏறட்டும், அதுவே சொல்லட்டும் என்றிருக்கிறேன். நீங்கள் காப்பாற்றின பெரியம்மாவின் மனத்தை நானும் காப்பாற்றுகிறேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சகாயராணி


சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல்
9-5-1961

அருள்மணியின் அப்பாவுக்கு ராணி எழுதிக்கொண்டது. பிலாயில் நூற்றுப் பதினைந்து டிகிரி வெயில் என்று எழுதியிருந்தீர்கள். தலையில் ஈரத்துண்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

என் போன கடிதத்துக்கு நீங்கள் ஒரு கார்டுதான் போட்டீர்கள். அதில் ஒரே வரி, எல்லாம் நீ எழுதியபடிதான் என்று. அதை ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை வண்டியைக் கீழே இறக்கினோம். ஓட்டியது யார் தெரியுமா? முதலாளியின் இப்போதைய டிரைவர் பழனிமுத்து. உங்களுக்குக் கொதிவண்டி என்று பேர் வைத்தவரே அவர்தான். வேறு யாரும் அந்தச் சாவியைத் தொட மாட்டேன் என்றார்கள். ஞாயிறு வெள்ளனே வத்தலக்குண்டில் பூசை பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். முதலாளி, அவர் மருமகன், கூடவே பெரியம்மா. தானும் இந்த வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதமாகப் பழனியிலிருந்து வந்திருக்கிறார். வேடிக்கை பார்க்க ஐம்பது பேருக்குக் குறையாது.

பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். மடியிலிருந்து ஒரு செம்பை எடுத்தார். வாழை இலையால் மூடியிருந்தது. திறக்கும் முன்பே எனக்கு வாசம் வந்துவிட்டது.

"தாயி, ஒனக்காக விடிய முன்ன மலையேறி வாங்கியாந்தேன். அன்னைக்குக் கொஞ்சமா ஊத்திட்டேன் போல, அதான் முருகன் கோவிச்சுக்கிட்டான். இன்னைக்குச் செம்பு நிறைய இருக்கு. மூடியத் தெற" என்றார்.

 அவருக்கு இன்றுவரை தெரியாது! மூன்று வருஷமாகக் கொஞ்சமாக ஊற்றிவிட்டோமே என்று வருந்திக்கொண்டிருந்திருக்கிறார். உங்களுக்காகத்தான் அன்றைக்கு வண்டியை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பழனிமுத்து பானெட்டைத் தூக்கிவிட்டார். முதலாளி, அம்மா சொல்கிறார்கள் இல்லையா, திற என்றார். ஐம்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள். நீங்கள் அன்றைக்கு எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் திறக்கவில்லை. மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மாட்டேன் பெரியம்மா என்றேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ, வேதக்காரப் பொம்பளைக்குத் திமிரைப் பார் என்றான். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றேன். வண்டிக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் பூசுங்கள், நானே தண்ணீர் தெளித்துத் துடைத்துத் தருகிறேன், உள்ளே பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் விட மாட்டேன் என்றேன். பிறகு பையிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ரேடியேட்டர் குழாயிலிருந்து எடுத்தது பெரியம்மா, குப்பையில் போட மனம் வரவில்லை, உங்களிடமே சேர்க்கிறேன் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் திறந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், திரும்பவும் டப்பாவைப் பார்த்தார்.  செம்பை எடுத்துப் போய் இரண்டு முன்விளக்குக்கும் பானெட்டுக்கும் கை நிறையப் பூசினார். மிச்சத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான் அவருக்கும் பழனிமுத்துவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன், எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் என் கண்ணுக்கு நேரே. ஏர்கண்டிஷனைப் போட்டார்கள். வெளியே மே மாத வெயில், உள்ளே மருமகன் துண்டைப் போர்த்திக்கொண்டார். டம்டம் பாறை வரும்போது முள் பாதிக்கு வந்தது. அங்கேயே நின்றது. எனக்கு வாய் செபமாலையில், கண் முள்ளில். ஊத்துக்குக் கீழே அந்த வளைவில் பழனிமுத்து தானாகவே வேகத்தைக் குறைத்தார். நிறுத்த வேண்டாம், போங்கள் என்றேன். ஏறியது. பெருமாள்மலையில் முள் கொஞ்சம் இறங்கவும் செய்தது. பழனிமுத்து என் பக்கம் திரும்பாமலே, அந்தத் தகரக் கூட்டை நான் வழக்கமாக ஓட்டுகிற வண்டிக்கும் அடித்துத் தருவீர்களா என்று கேட்டார். முதலில் நீங்கள் வைத்த பேரை எடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன்.

சந்தையில் போய் நின்றோம். பானெட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்கள். துளி ஆவி இல்லை. முதலாளி இறங்கி, வண்டி நன்றாகத்தான் ஏறுகிறது என்றார். அவ்வளவுதான், துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"நில்லுலே குமாரு" என்றார். கேரட் மூட்டைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னைக்கு வண்டி நின்னதுக்கு எங்கையிதான் காரணம். ரேடியேட்டருக்குள்ள சந்தனத்தக் கரைச்சு ஊத்தினது நானு. இருதயம் தண்ணி ஊத்தாம வரல, தூங்கவும் இல்ல. எம்மேல பழி வரக்கூடாதுன்னு நீ ஏசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னுருக்கான். இந்தா பாத்துக்கங்க" என்று டப்பாவை நீட்டினார்.  முதலாளி திரும்பி வந்தார். தாயார் அங்கே நிற்கும்போது வேறு வழி ஏது? இருதயசாமி மேல் தப்பில்லை, நான் சொன்னதுதான் தப்பு என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். சந்தைக்கு வந்து காத்திருந்த அருள்மணி என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

பார்த்தீர்களா? அவர் தாங்க மாட்டார் என்று நினைத்து மூன்று வருஷம் பிலாயில் வெந்தீர்கள். அவர் அரை நாளில் தாங்கிக்கொண்டு சந்தையில் நின்று சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் தாங்கியிருப்பேன். உங்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இருதயம் மறுபடி வண்டி ஓட்ட வருவானா என்று பெரியம்மா கேட்டார். வேலைக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்றேன். வீட்டுக்கு வருவது உங்கள் இஷ்டம் இல்லை. மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. உங்கள் போட்டோவை நேராகத் திருப்பி வைத்துவிட்டேன்.

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குகிற நாளைத் தந்தியில் சொல்லுங்கள். வண்டியைக் கீழே அனுப்ப பெரியம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார், அதில் நானும் வருவேன். மேலே ஏறும்போது நீங்கள்தான் ஓட்ட வேண்டும். முள்ளைப் பார்க்க நான் பக்கத்தில் இருக்கிறேன். ஊத்துக்குக் கீழே அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். வண்டி கொதிக்காது. அங்கே வைத்து உங்களை ஆசை தீரத் திட்ட வேண்டும், வீட்டில் பிள்ளை இருப்பாள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் பாதிக் கோபம் மிச்சமிருக்கிற
சகாயராணி